அப்பாவின் கண்காட்சியை டிஜிட்டல் செய்யப் போய் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

பழைய புகைப்படக் கண்காட்சி ஒன்று உங்கள் வீட்டுப் பரணிலோ பள்ளிக்கூட ஸ்டோர் ரூமிலோ கிடக்கிறது, அதை டிஜிட்டல் செய்து காப்பாற்றலாம் என்று நினைக்கிறீர்கள் என்றால், ஒரு படத்தைக்கூட பலகையிலிருந்து கழற்றுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. 18,000 ரூபாய்க்கு மேல் ஒரு போட்டோ லேபுக்குக் கொடுத்து, ஒரு கோடை விடுமுறை முழுவதையும் தொலைத்து, திரும்பக் கிடைக்கவே கிடைக்காத சில விஷயங்களையும் இழந்த பிறகுதான் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது புரிந்தது. பணத்தை எப்படியோ சரிக்கட்டிவிட்டேன். அப்பா கைப்பட எழுதிய தலைப்பு அட்டைகள் போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

அப்பா வேலூரில், லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். தாத்தா காலத்தில் தொடங்கியது. எண்பதுகளில் ஒரு பள்ளி ஹாலை வாடகைக்கு எடுத்து, தாத்தாவின் கண்ணாடி நெகட்டிவ்களிலிருந்து போட்ட பிரிண்டுகள், தான் ஊர் ஊராகப் போய் எடுத்தவை, பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர்கள் கொடுத்தவை என்று எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை ஹார்ட்போர்டில் ஒட்டிக் கண்காட்சி வைத்தார். கோட்டை அகழி, குடியாத்தம் நெசவாளர்கள், ஆம்பூர்த் தோல் பதனிடும் தொட்டிகள், ஜட்கா வண்டிகள், ஆரணிக் கல்யாண வீடுகள், பாலாறு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல்தான் மறுபடி சாமி வைத்தார்கள். அதற்கு முன்னால் பூஜை இல்லாமல், தொல்லியல் துறைப் பலகையோடு, ஆள் நடமாட்டம் குறைந்து கிடந்த கல்யாண மண்டபத்தை அப்பா வெவ்வேறு நேரத்து வெயிலில் எடுத்திருந்தார். இன்று அங்கே இருக்கும் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள் அந்தப் படங்களை நம்பமாட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் பலகைகளெல்லாம் ஸ்டுடியோப் பரணுக்குப் போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். "தேவையானதை செல்போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்க, மீதியத் தூக்கிப் போடு" என்றார். ஒன்றிரண்டு பெரிய இடங்களில் கேட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒரிஜினலை நன்கொடையாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள், இன்னொரு இடத்தில் பதிலே வரவில்லை. நான் காட்பாடியில் பள்ளி ஆசிரியை. புகைப்படப் பாதுகாப்பு என்று ஒரு துறை இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. விடுமுறைக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேறு. அப்போதுதான் அந்த லேபைச் சொன்னார்கள். மியூசியம் தரத்தில் ஸ்கேன் செய்து தருகிறோம், பழசையெல்லாம் புதுசாக்கித் தருகிறோம் என்று சொல்லி, வழவழவென்று நாலைந்து மாதிரிப் படங்களையும் காட்டினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பலகைகளை வேனில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தது ஒரு பென் டிரைவும் ஒரு கட்டுப் படங்களும். பலகைகள் இல்லை. ஸ்கேனரின் மூடி மூடவில்லை என்று படங்களை ஹார்ட்போர்டிலிருந்து பிரித்து எடுத்திருந்தார்கள். மைதாப் பசையில் ஒட்டியது என்பதால் பெரும்பாலானவை வந்துவிட்டன, இரண்டு கிழிந்துவிட்டன. ஒவ்வொரு பலகையின் கீழும் அப்பா போஸ்டர் கலரில் கைப்பட எழுதிய தலைப்பு அட்டை இருந்தது. "அதெல்லாம் போர்டோட போயிடுச்சு மேடம், படம்தான கேட்டீங்க?" என்றார் அங்கிருந்த பையன். குப்பையில் போட்டிருக்கிறார்கள். அவர் முகத்தில் கள்ளமில்லை. அவரைப் பொறுத்தவரை புகைப்படம் என்றால் முன்பக்கத்தில் தெரிகிற உருவம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். குடியாத்தத்தில் தறிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு அம்மாவின் படம் உண்டு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கவே பயம், பெரியவளான பிறகு அதுதான் ரொம்பப் பிடித்த படம். லேப் கொடுத்த கோப்பில் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை. கன்னம் மழமழவென்று, கண்ணில் ஒரு பளபளப்பு. ஏதோ ஒரு ஏஐ மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். கல்யாண மண்டபத் தூணில் யாளியின் பல் வரிசை தேய்ந்திருக்கும், அதில் புதுப் பல் முளைத்திருந்தது. இப்படி எல்லாப் படத்திலும். அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை. யாரோ எங்கள் வீட்டுக்குள் புகுந்து ஆட்களை மாற்றிவைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அப்பாகூட டச்சிங் செய்தவர்தானே என்று கேட்கலாம். செய்தார்தான், நெகட்டிவில் பென்சில் வைத்துப் பருவை மறைப்பார், கண்ணுக்கு ஒளி கொடுப்பார். ஆனால் அது அந்தக் காலத்திலேயே, அந்தப் படத்தின் பகுதியாகவே நடந்தது. நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் கோடு இன்றும் தெரியும். இது அப்படியில்லை. எங்கே மாற்றினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. சரி, மாற்றாத ஸ்கேனாவது கொடுங்கள் என்று கேட்டால், அதை வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

ஆகவே வெளியில் கொடுப்பதானால் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எதையும் பிரிக்கக் கூடாது, வெட்டக் கூடாது. பின்பக்கமும் ஸ்கேன் வேண்டும். ஸ்கேனர் கொடுத்த கோப்பு எந்தத் திருத்தமும் இல்லாமல் டிஃப் (TIFF) வடிவில், அதாவது தகவல் இழக்காமல் சேமிக்கும் கோப்பாக வேண்டும், அழகுபடுத்திய பிரதி தேவைப்பட்டால் அது தனியாக. தானாகத் தூசி நீக்குவது, கூர்மையாக்குவது எல்லாம் அணைத்திருக்க வேண்டும். முதலில் ஐந்தாறு படங்களை மட்டும் கொடுத்து, வந்ததை நூறு சதவீத அளவில் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அதன் பிறகு மீதியைக் கொடுங்கள். முன்பணம் அந்த ஐந்தாறு படத்துக்கு மட்டும். ஜேபெக் மட்டும் தருகிறோம், அதுவே போதும் என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் போகும். பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் அது சரி, மூலப் பிரதியாக வைக்க ஆகாது.

முகம் மாறியதைவிடப் பெரிய இழப்பு வரிசை போனது. அப்பா படங்களை ஏதோ கைக்கு வந்தபடி மாட்டியவர் இல்லை. எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தார். லேபில் எல்லாவற்றையும் சைஸ் வாரியாக அடுக்கி, ஒன்று இரண்டு மூன்று என்று புதிதாக எண் போட்டுவிட்டார்கள். பலகைகளின் பின்னால் சாக்பீசில் இருந்த பழைய எண்கள் பலகையோடு போய்விட்டன. என்ன செய்வதென்றே தெரியாமல், ஸ்டுடியோவில் அப்பாவோடு கடைசிவரை இருந்த டார்க் ரூம் அண்ணனைத் தேடிப் போனேன். சின்ன வயதிலிருந்தே அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எழுபது தாண்டிவிட்டது. சத்துவாச்சாரியில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். கண்காட்சி நடந்தபோது ஹாலையே அவர் ஒரு ரோல் ஃபிலிம் முழுக்கப் படம் எடுத்து வைத்திருந்தார். சுவர் சுவராக, பலகைகள் மாட்டியிருந்த வரிசையோடு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில தலைப்புகளைப் படிக்கக்கூட முடிந்தது.

அதில்தான் பார்த்தேன். பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகும் தாத்தாவின் படத்தையும், அதே இடத்தில் நின்று அப்பா எடுத்த வெறும் மணல் படத்தையும் ஒரே பலகையில் மேலும் கீழுமாக ஒட்டியிருந்தார். கரையோரப் பனைமரங்கள் இரண்டிலும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி நறுக்கியிருந்தார். லேப் கொடுத்த பென் டிரைவில் அவை 7ஆம் எண்ணும் 31ஆம் எண்ணும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று ஆறு, இன்னொன்று மணல், அவ்வளவுதான். சேர்த்துப் பார்த்தால்தான் அப்பா என்ன சொல்ல வந்தார் என்று தெரிகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது என் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதல்முறையாக அந்த ஆற்றில் நிறையத் தண்ணீரைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய பலகை அது. கண்காட்சியைப் பாதுகாப்பது என்றால் இந்தப் பக்கத்து உறவுகளையும் சேர்த்துப் பாதுகாப்பது. எந்தப் படம் எந்தச் சுவரில், எதற்கு அடுத்து, எந்தத் தலைப்போடு, பின்னால் என்ன எழுதியிருந்தது என்பதையெல்லாம் பதிவு செய்த பிறகுதான் ஸ்கேனருக்கே வேலை. பலகையை முழுதாக ஒன்று, தலைப்பைக் கிட்டத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று எடுங்கள். செல்போன் போதும். பலகைக்கு எண் இட வேண்டுமானால் சின்னச் சீட்டில் எழுதி நூலில் கட்டுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். எழுதியே ஆக வேண்டுமென்றால் மிருதுவான பென்சிலில், ஓரத்தில்.

மீதிப் பலகைகளை வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்து வீட்டிலேயே தொடங்கினேன். டார்க் ரூம் அண்ணன் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடி போட்ட பிரேம்களில் சிலவற்றில் படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் நகத்தை விடப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "பாப்பா, ஒட்டிகினு இருக்கிறத பிச்சி எடுக்காத. படம் கண்ணாடியோட நின்னுடும், பேப்பர்தான் உன் கையில வரும்." அவர் சொன்னதுதான் பிறகு நான் படித்த எல்லா இடத்திலும் இருந்தது. ஒட்டிய படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்து, அப்படியே வைத்துவிட வேண்டும். பிரிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மஞ்சள் பூத்திருந்த ஒரு கட்டு பிரிண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் தண்ணி இல்லாத வருஷத்துப் படம் பாப்பா. ஹைப்போ போற வரைக்கும் ஓடுற தண்ணியில கழுவணும். நாங்க பக்கெட்ல முக்கி எடுத்தோம்." ஹைப்போ என்பது பிரிண்டை நிலைக்கவைக்கப் போடும் மருந்து, சரியாகக் கழுவாமல் தங்கிவிட்டால் படம் மஞ்சளாகும். வேலூர்த் தண்ணீர்க் கஷ்டம் அந்தக் காகிதத்தில் மஞ்சளாக நிற்கிறது. அந்தக் கறையை நான் கணினியில் நீக்கவில்லை. அண்ணன் சொன்னதைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது கருவி விஷயம். ஏ4 ஸ்கேனரில் போஸ்ட்கார்டு, கேபினட் சைஸ் படங்களை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில் எடுக்கலாம், நன்றாக வரும். அப்பாவின் 12க்கு 15 அங்குல என்லார்ஜ்மென்ட்டுகள் அதில் அடங்காது. பலகையில் ஒட்டியவை வளைந்திருக்கும், ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தவும் கூடாது. இவற்றுக்கு கேமராதான் வழி. கீழ்நோக்கிப் பார்க்கிற ஸ்டாண்ட், இரண்டு பக்கமும் 45 டிகிரியில் இரண்டு எல்இடி விளக்கு, அவ்வளவுதான். விளக்கின் நிறத்தரம், சிஆர்ஐ என்பார்கள், 95க்கு மேல் இருக்கட்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000க்கு 4000 புள்ளி கிடைக்கும். 12 அங்குலப் பக்கத்தை 4000இல் அடக்கினால் அங்குலத்துக்கு 330 சொச்சம் வரும். பெரிதாக்கிப் போட்ட பிரிண்டுக்கு இது தாராளம். 8க்கு 10 படத்துக்கு அங்குலத்துக்கு 500 வரும்.

பழைய பிரிண்டுகளில் கருப்பான இடங்களில், முக்கியமாக ஓரங்களில், நீலமாக ஒரு உலோக மினுமினுப்பு ஏறியிருக்கும். படத்தின் மருந்தில் இருக்கும் வெள்ளி மேலே வந்து படிவதால் வருவது. ஸ்கேனரில் இது சாம்பல் படலமாக விழுந்து படத்தையே மறைக்கும். இரண்டு விளக்குகளின் முன்னும், ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் விடுகிற போலரைசிங் தாளை வைத்து, லென்சில் போலரைசிங் ஃபில்டரைப் போட்டுத் திருப்பினால் பிரதிபலிப்பு அப்படியே அடங்கும். கண்ணாடியோடு ஒட்டிய படங்களுக்கும் இதுதான் கைகொடுத்தது. ஒவ்வொரு அமர்விலும் முதல் படத்தில் கலர் கார்டு ஒன்றையும் சின்ன அளவுகோலையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு உண்மையான நிறமும் அளவும் அதிலிருந்துதான் தெரியும். விளக்கு, ஸ்டாண்ட், தாள், கார்டு, ஃபில்டர், ஹார்ட் டிஸ்க் எல்லாம் சேர்த்து எனக்கு 35,000 ரூபாய் போல ஆனது. கேமரா தெரிந்தவர் கொடுத்தது. லேபுக்குக் கொடுத்த பணத்தை இதில் போட்டிருந்தால் பாதி தூரம் தாண்டியிருப்பேன் என்று அடிக்கடி தோன்றும்.

தாத்தாவின் கண்ணாடி நெகட்டிவ்கள் தனிக்கதை. பளபளப்பாக இருக்கும் பக்கம் கண்ணாடி, மங்கலாக இருப்பது மருந்துப் பக்கம். மருந்துப் பக்கத்தில் ஈரத்துணி, ஸ்பிரிட், எதுவும் படக் கூடாது. கையால் அமுக்கும் ரப்பர் ஊதியால் தூசியை ஊதலாம். லைட் பாக்ஸில் வைத்து கேமராவில் எடுத்து, கணினியில் கருப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கருப்பாகவும் மாற்றினால் படம் வரும். அப்படி வந்த ஒரு கல்யாணப் படத்தில் பொண்ணின் நெற்றிப் பொட்டும் புடவையும் கன்னங்கரேலென்று இருந்தன. உதவிக்கு வந்த என் மாணவி கறை என்று நினைத்துத் துடைக்கப் பார்த்தாள். அந்தக் காலத்து பிளேட், அதாவது கண்ணாடி நெகட்டிவ், பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், சிவப்புப் பட்டு எல்லாம் கருப்பாகத்தான் விழும். நீலத்துக்கு அது ரொம்பக் கூர்மை என்பதால் வானம் வெளுத்துப் போகும். ஆகவே பழைய பிளேட்டில் கருப்பாக இருப்பதை கருப்புப் புடவை என்று விளக்கத்தில் எழுதிவிடாதீர்கள். உடையாத பிளேட்டுகளைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு நீளப் பக்கத்தில் நிற்கவைக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். உடைந்ததை மட்டும் படுக்கவைத்து வையுங்கள்.

ஃபிலிம் நெகட்டிவ் டப்பாவைத் திறந்ததும் காடி வாடை, அதாவது வினிகர் வாடை அடித்தது. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளியேறும், பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் அது கெடுக்கும். வாடை வருவதை உடனே பிரித்து வையுங்கள், அவற்றைத்தான் முதலில் டிஜிட்டல் செய்ய வேண்டும். அது காத்திருக்காது. 1950களுக்கு முந்தைய ஃபிலிம் என்றால் நைட்ரேட்டாக இருக்கலாம், எளிதில் தீப்பிடிக்கும். சந்தேகம் இருந்தால் சூடான அறையில், அடைத்த டப்பாவில் வைக்காமல் தெரிந்தவர்களைக் கேளுங்கள். கொளுத்திப் பார்த்துச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் கிட்டே விடாதீர்கள்.

நடுவில் மழைக்காலம் வந்தது. ஸ்டுடியோவைக் காலி செய்து பலகைகளை எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் சில பலகைகளில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிட்டது. மைதாப் பசை அதற்கு நல்ல தீனி, இராமபாணப் பூச்சிக்கும்தான். பதற்றத்தில் துடைக்கத்தான் கை போகும். ஈரமாக இருக்கும்போது தொட்டால் பூஞ்சை ஜெலட்டினுக்குள் தேய்ந்து இறங்கிவிடும். கெட்டதை வேறு அறைக்கு மாற்றி, நேரடி வெயில் படாமல், காற்றோட்டத்தில் முழுக்கக் காயவிட்டு, பிறகு என்95 முகமூடி போட்டு, வெளியில் வைத்து, மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். மாடி அறை கத்திரியில் அடுப்பாகிவிடும், மழையில் ஊறும். இரண்டுமே படத்துக்கு எமன். இப்போது எல்லாம் கீழ் வீட்டு உள்அறையில், வெளிச்சுவரை ஒட்டாத ஸ்டீல் பீரோவில், தரையிலிருந்து உயரத்தில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. அந்துருண்டை போட வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், அமிலமில்லாத காகித உறை நல்லது. லேமினேஷன் கூடவே கூடாது.

படத்துக்கு விளக்கம் எழுதும்போது எங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் தலைப்புகளில் ஆரணி, ஆம்பூர், வாலாஜாப்பேட்டை எல்லாமே வட ஆற்காடு மாவட்டம். தாத்தாவின் பிளேட் பெட்டி ஒன்றில் சித்தூரும் வட ஆற்காடுதான், ஏனென்றால் 1911இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை அதுதான் தலைநகர், பழைய ஆட்கள் பிறகும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1989இல் வட ஆற்காடு பிரிந்ததில் ஆரணி திருவண்ணாமலை பக்கம் போனது. 2019இல் வேலூர் மூன்றானபோது வாலாஜா ராணிப்பேட்டைக்கும் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போயின. ஆகவே அட்டவணையில் இரண்டு கட்டம் வைத்தேன்: படத்தில் எழுதியிருந்தபடி ஊர், இன்றைய நிர்வாகப்படி ஊர். பழையதைத் திருத்திவிட்டால் அந்தக் கால ஆவணங்களோடு பொருத்திப் பார்க்க முடியாது. கோப்புப் பெயரில் தமிழும் இடைவெளியும் இல்லாமல் பலகை எண், படத்தின் இடம், முன்பக்கமா பின்பக்கமா என்பது மட்டும் இருந்தால் போதும். மீதியெல்லாம் அட்டவணையில்.

ஆட்களை அடையாளம் காண ஒரிஜினலைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். சாதாரண ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கொசப்பேட்டை, சாயிநாதபுரம் பக்கம் வயதானவர்கள் வீடுகளுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டே தாளில் அவர்களே விரல் வைத்து, இது இன்னார், இது இன்னார் மச்சினன் என்பார்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதையும் எழுதுங்கள். ஒரே ஆளை இரண்டு பேர் இரண்டு பெயரில் சொன்னால் இரண்டையும் வையுங்கள். இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பெரியவரைப் போகி கழித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன், மார்கழியிலேயே போய்விட்டார். அவருக்குத் தெரிந்த முகங்கள் இனி யாருக்கும் தெரியாது.

இணையத்தில் போடுவதற்கு முன்னால் உரிமையையும் பார்க்க வேண்டும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை என்று முன்பு இருந்தது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடமும் உரிமை உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை அவருக்குத்தான், ஸ்டுடியோவுக்கு இல்லை. அந்தச் சட்டத்துக்கு முந்தைய படங்களுக்குக் கணக்கு வேறு. ஆகவே கோட்டை, ஆறு, தெரு எல்லாவற்றையும் ஒரு பக்கமாகவும், கல்யாணம், குடும்பப் படங்களை இன்னொரு பக்கமாகவும் பிரித்தேன். குடும்பம் கிடைத்தால் கேட்டு, சரி என்றால் மட்டும் வெளியிடுகிறேன். கேட்டுப் போன வீடுகளில் பெரும்பாலும் கண் கலங்கி, ஒரு பிரதி கொடுத்தால் போதும் என்றுதான் சொன்னார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களை டிஜிட்டல் செய்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகுதான் சாதாரண ஸ்டுடியோப் படத்துக்கும் இப்படி ஒரு மரியாதை உண்டு என்று எனக்குத் தெம்பு வந்தது. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில். 8க்கு 10 படம் 600 டிபிஐயில், 8 பிட் கலரில், சுருக்காத டிஃப் என்றால் 86 எம்பி, நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட் என்றால் அதுபோல இரண்டு மடங்கு. முன்பக்கம், பின்பக்கம், முழுப் பலகை என்று சேரும்போது ஒரு டிஸ்க் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறையும். எங்கள் வீட்டில் ஒரு டிஸ்க் சித்திரை வெயிலில் திடீரென்று நின்றுவிட்டது. மற்ற இரண்டு இருந்ததால் எதுவும் போகவில்லை. நகல் எடுத்த பிறகு செக்சம், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண், போட்டுச் சரிபாருங்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் மாறிவிடும், இலவச மென்பொருள்களே இருக்கின்றன. ஸ்கேனருக்கும் கணினிக்கும் யுபிஎஸ் அவசியம், பாதி ஸ்கேனில் கரண்ட் போனால் கோப்பு கெட்டுவிடும்.

லேபிலிருந்து பிரிந்து வந்த படங்களை மறுபடி எடுத்து முடித்துவிட்டேன். கிழிந்த இரண்டையும் ஒட்டாமல், துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறேன். குடியாத்தத்து அம்மாவின் முகம் தழும்புகளோடு இருக்கிறது. அண்ணனின் ரோலில் படிக்க முடிந்த தலைப்புகளை அதனதன் படத்தோடு சேர்த்துவிட்டேன். படிக்க முடியாதவற்றுக்கு நேரே "தலைப்பு அழிந்தது" என்றே எழுதியிருக்கிறேன், என் சொந்த வார்த்தையில் ஒன்றைப் போட மனம் வரவில்லை. அசிட்டேட் நெகட்டிவ்களில் இன்னும் கொஞ்சம் பாக்கி. ஸ்டாண்ட், விளக்கு, போலரைசிங் தாள், கலர் கார்டு எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன. வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் யாரிடமாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால், எடுத்துப்போய் வேலை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், வாடகை எதுவும் வேண்டாம். முதல் தடவை விளக்கை எப்படி வைப்பது என்று நானே வந்து காட்டுகிறேன். சனி, ஞாயிறு என்றால் அண்ணனையும் அழைத்து வருவேன்.